நான் சொன்னதாக நீ சொன்ன வார்த்தை

தம்பி,

நீ அனுப்பிய பார்சல் நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தது. சலீம் தன் ஜீப்பை நம் டீக்கடை வாசலில் நிறுத்தி, “இந்தாங்கக்கா, ஒங்க மகன் ஒங்களுக்கு யூனிபாரம் அனுப்பியிருக்காப்ல” என்று சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டு, கவுஞ்சிக்குப் போகிற ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். பிரித்துப் பார்த்தேன். மஞ்சள் சட்டை. என் அளவு உனக்கு எப்படித் தெரிந்ததோ, எனக்கென்று தைத்த மாதிரியே இருக்கிறது. முதுகில் பெரிய எழுத்தில் ‘நிற்காதே’. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘ஒரு தாய் சொன்ன ஒரே வார்த்தை’. உன் அப்பா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, “துணி நல்ல துணிதான்” என்றார். மடித்துப் பூண்டுக் கூடையின்மேல் வைத்தேன். இப்போது சட்டையிலும் பூண்டு வாசம் ஏறியிருக்கும். உன் கோயம்புத்தூர் ஆட்கள் மூக்கைப் பிடித்துக்கொள்ளட்டும்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் நீ “அம்மா, நெகட்டிவா பேசாதம்மா” என்கிறாய். அதற்கு மேல் பேசினால் உன் பக்கம் சிக்னல் போய்விடுகிறது. எனக்கென்னவோ சிக்னல் தானாகப் போகிற மாதிரி தெரியவில்லை. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. பத்தாவது வரை படித்தவள் நான், பிழையில்லாமல் எழுதுவேன், நீயும் ஒரே மூச்சில் படிப்பாய். கடைசி வரைக்கும் போனால்தான் விஷயம் தெரியும் என்று உன்னை இழுத்தடிக்க மாட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். வருகிற சனிக்கிழமை, உன் தன்னம்பிக்கை வகுப்புக்குக் கம்பெனிக்காரர்கள் அனுப்புகிற அந்த நாற்பது பேரை ஒத்தமரத்து மேட்டில் ஏற்றாதே. மேடு சரியில்லை. எப்போது என்று தெரியாது, ஆனால் அது சரிந்து இறங்கப்போகிறது என்று எனக்குப் படுகிறது. அதன் அடியில் நின்று, நீ அனுப்பிய சட்டையைப் போட்டுக்கொண்டு, அவர்களிடம் ‘நிற்காதே’ என்று மைக்கில் சொல்ல என்னைக் கூப்பிடுகிறாய்.

முதலில் இந்த வார்த்தையை ஒரு வழி பண்ணிவிடுவோம். நீ ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் மலை ஓட்டம் வைத்தார்களே, அன்றைக்கு நான் எங்கே நின்றேன் என்று நினைவிருக்கிறதா? கடைசி வளைவில், தைல மரத்துக்குக் கீழே, ப்ளாஸ்க்கில் காப்பியோடு நின்றேன். மூட்டம் இறங்கியிருந்தது, பையன்கள் ஒவ்வொருவராகப் புகைக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தார்கள். நீ வந்தபோது முதலில் உன் காலைத்தான் பார்த்தேன். வலது காலை ஊன்றும்போதெல்லாம் உன் வாய் கோணிக்கொண்டு போனது, முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. பதறிப்போய், “நில்லுடா! போதும், நில்லு!” என்று கத்தினேன். நீ திரும்பி என் முகத்தைப் பார்த்தாய். கேட்கவில்லை என்று சொல்லாதே, கேட்டது. பார்த்துவிட்டு ஓடினாய். மூன்றாவதாக வந்து ஒரு கோப்பையும் வாங்கினாய், கூடவே மாவுக்கட்டும் போட்டுக்கொண்டு படுத்தாய். அரையாண்டுப் பரீட்சைக்கு உன் அப்பா உன்னை முதுகில் தூக்கிக்கொண்டு போனார். இன்றைக்கும் மார்கழிக் குளிரில் அந்தக் கணுக்கால் வீங்குகிறது என்று உன் பெண்டாட்டி சொல்கிறாள். மேடையில் அதை மட்டும் நீ சொல்வதில்லை.

மேடையில் நீ சொல்வதை சலீமின் மகள் தன் போனில் காட்டித்தான் நான் முதல் தடவை பார்த்தேன். கோட்டுப் போட்டுக்கொண்டு, முன்னும் பின்னும் நடந்துகொண்டு, கையை ஆட்டிக்கொண்டு பேசினாய். கால் முறிஞ்சிருச்சு, கண்ணு இருட்டுது, அந்த வளைவுல எங்கம்மா நின்னாங்க, படிக்காத ஒரு மலைக்கிராமத்து மனுஷி, அவங்க ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாங்க என்று நிறுத்தினாய். மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. நானும்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன், நான் என்ன சொன்னேன் என்று தெரிந்துகொள்ள! “நிக்காதே!” என்று நீ கத்தினாய், சனமெல்லாம் எழுந்து நின்று கை தட்டியது, முன்வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பத்தாவது படித்தவளைப் படிக்காதவள் ஆக்கினாயே, அதைக்கூட விட்டுவிடலாம். நான் உனக்குப் போன் போட்டு, “ஏன்டா, நான் நில்லுன்னுதான சொன்னேன்?” என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டு என்ன சொன்னாய்? “அம்மா, நில்லுன்னு சொன்னா எவன் காசு குடுத்து வருவான்?”

எனக்கும் அப்போது சிரிப்பு வந்துவிட்டது. அதோடு நான் விட்டுவிட்டேன், விட்டிருக்கக் கூடாது. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்துவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு, “நீங்கதான அந்த அம்மா?” என்று கேட்டு என்னோடு நின்று படம் எடுத்துக்கொள்ளும்போது, அடுப்புக் கரியைத் துடைத்துக்கொண்டு நானும் பல்லைக் காட்டினேன். ஒரு தடவை ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு பையன் வந்தான். தேர்வில் தோற்றுத் தோற்றுத் தூக்கமே போய்விட்டதாம், உன் பேச்சைக் கேட்டு மறுபடி எழுதி வேலைக்குப் போய்விட்டானாம், என் காலில் விழுந்தான். அவனை எழுப்பி, “தம்பி, நான் அப்பிடிச் சொல்லலப்பா” என்று எந்த வாயால் சொல்வேன்? உன் வார்த்தை நல்லதும் செய்திருக்கிறது, இல்லை என்று நான் சொல்லமாட்டேன். உட்கார்ந்த இடத்திலேயே வேர்விட்டுப்போனவனை எழுப்ப அது சரியான வார்த்தைதான். ஆனால் எழுந்து நடப்பவனிடமும், மூச்சிரைப்பவனிடமும், கால் நடுங்குபவனிடமும் அதையே சொன்னால் எப்படி? காய்ச்சலுக்குக் கொடுத்த மாத்திரையைக் கை முறிந்தவனுக்கும் கொடுப்பார்களா?

எங்களுக்கும் இப்படி வார்த்தைகள் இருந்தன தம்பி. நீ பிறப்பதற்கு முன்னால், பூம்பாறைச் சரிவில் கீழ்க்காடு வரைக்கும் வண்டிப்பாதை இல்லாத காலத்தில், பூண்டு மூட்டையைப் பெண்கள்தான் தலையில் சுமந்து மேலே ரோட்டுக்குக் கொண்டுவருவோம். மூட்டையை இறக்கிவிட்டுக் கைவீசிக்கொண்டு கீழே இறங்குகிறவள், சுமையோடு ஏறுகிறவளை எதிரில் பார்ப்பாள். ஏறுகிறவள் கேட்பாள், “இன்னும் எம்புட்டு தூரம்டி?” என்று. தூரம் அவளுக்குத் தெரியாதா? தினமும் ஏறுகிற வழிதானே. தூரம் தெரிந்துகொள்ள அவள் கேட்கவில்லை. இறங்குகிறவள், “இந்தா, வந்துருச்சு!” என்று சொல்லலாம். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால் சும்மா போக முடியாது. திரும்பி, அவளுக்குப் பின்னாலேயே ஏறி, மூட்டையின் அடியில் கை கொடுத்து, அடுத்த சுமைதாங்கிக் கல் வரைக்கும் கொண்டுபோய் விட வேண்டும். வார்த்தை கொடுத்தவள் கூட நடக்க வேண்டும், அதுதான் எங்களுக்குள் இருந்த கட்டு. அவசரமாகப் போகிறவள் வந்துருச்சு என்று சொல்லவே மாட்டாள். “எறக்கி வையிடி, மூட்ட எங்கயும் ஓடிராது” என்பாள். அதைக் கேட்டு இறக்கி வைத்தவளை யாரும் கேலி பண்ணியதில்லை.

நீ என் வயிற்றில் இருந்தபோதும் நான் சுமந்தேன். வேண்டாம் என்று உன் அப்பா சொன்னார், கேட்டால்தானே, என் பிடிவாதம்தானே உனக்கும் வந்திருக்கிறது. ஒருநாள் பாதி ஏற்றத்தில் கண் இருட்டியது. எதிரே பவளத்தக்கா வந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில் பிறந்து, இங்கே வந்து கூலிக்குப் போனவர். என் முகத்தைப் பார்த்தார், “வந்துருச்சு தங்கச்சி” என்றார், உடனே திரும்பிவிட்டார். என் மூட்டையைத் தன் தலைக்கு மாற்றிக்கொண்டு ரோடு வரைக்கும் வந்தார். அன்றைக்கு அவர் கீழ்க்காட்டுக்குத் திரும்பிப் போகும்போது நேரமாகிவிட்டது, ஆள் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு வார்த்தைக்கு அவர் கொடுத்த விலை அது. நீ சொல்கிற வார்த்தைக்கு நீ என்ன கொடுக்கிறாய் என்று நான் கேட்டால் உனக்குக் கோபம் வரும். வரட்டும். நீ அவர்களோடு மேடு ஏறுவதில்லை. அடிவாரத்தில் மைக்கைப் பிடித்துக் கத்திவிட்டு, மேல்ரோட்டு வழியாகக் காரில் சுற்றிப்போய், மாலையோடு உச்சியில் நிற்கிறாய்.

போன தடவை வந்தபோது ஒரு வெண்கல மணியை வேறு வாங்கிவந்து நம் கடை வாசலில் கட்டிவிட்டுப் போனாய். ஏற முடியாமல் திரும்புகிறவர்கள் அந்த மணியை அடித்து, எல்லார் முன்னாலும் “நான் தோத்துட்டேன்” என்று சொல்ல வேண்டுமாம். கட்டும்போதே உன் அப்பா, “ஏலே, கோயில்ல கட்டுற சாமானக் கொண்டாந்து மனுசன அசிங்கப்படுத்தவாலே கட்டுற?” என்று கேட்டார். நீ அவர் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டாய். அந்தக் கூட்டத்தில் நித்யா என்று ஒரு பெண் வந்தாள், உனக்குப் பெயர் நினைவிருக்காது. டார்கெட் எட்டவில்லை என்று ஆபீசிலிருந்து அனுப்பிவைத்த பெண். கொஞ்சம் கனத்த உடம்பு, சமவெளிக்காரி, இந்தக் காற்றே அவளுக்குப் பழக்கமில்லை. கடைக்கு எதிரிலேயே வாந்தி எடுத்தாள். உட்காரவைத்து வெந்நீரில் சீனி போட்டுக் கொடுத்தேன். “திரும்பிருமா கண்ணு, ஒன்னால ஆகாது” என்றேன். அவள் மணியைப் பார்த்தாள். “அத அடிக்கணும்ல ஆன்ட்டி. எல்லாரும் வீடியோ எடுப்பாங்க, ஆபீஸ் குரூப்புல போட்டுருவாங்க” என்றாள். நீ மைக்கில், “வலி வந்துட்டுப் போயிரும், வெற்றி கூடவே நிக்கும்!” என்று கத்தினாய். அவள் எழுந்து போய்விட்டாள்.

சாயங்காலம் அவளை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். முழங்கால் வரைக்கும் தோல் உரிந்து சேறும் ரத்தமுமாக இருந்தது. மேட்டின் பாதிச் சரிவில், புல்லுக்கு நடுவில் கால் உள்ளே போய்விட்டதாம். நான் மஞ்சள் பொடியை எடுக்க ஓடினேன், அதற்குள் நீ அவளை நிறுத்திவைத்துக் கழுத்தில் மெடல் போட்டாய், சுற்றி நின்று படம் எடுத்தார்கள். ‘கால் சிக்கியும் நிற்காத பெண்’ என்று அந்தப் படத்தைத்தான் இந்தச் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு விளம்பரமாகப் போட்டிருக்கிறாய். கால் எதில் சிக்கியது என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லையே தம்பி! வண்டி ஏறுவதற்கு முன்னால் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க நிக்காதேன்னு சொன்னதாலதான் ஏறுனேன்மா” என்றாள். நன்றி சொல்கிறாளா, குற்றம் சொல்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

மறுநாள் நானும் உன் அப்பாவும் போய்ப் பார்த்தோம். என் முழங்கால் விட்ட வரைக்கும் நான் ஏறினேன், மிச்சத்தை அவர் ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். புல்லுக்குள் நிலம் பிளந்து கிடந்தது. சரிவுக்குக் குறுக்கே, பாதையை வெட்டிக்கொண்டு, பேரிக்காய் மரங்கள் வரைக்கும் போகிறது. மேலே புல் மூடியிருப்பதால் நடக்கிறவர்களுக்குத் தெரியாது. அப்பா ஒரு கல்லை உள்ளே போட்டுக் காதை வைத்துக் கேட்டாராம். அது எங்கே போய் விழுந்தது என்று அவருக்கும் தெரியவில்லையாம். மேட்டின் அடியில் காட்டேஜ் கட்டுவதற்காகப் பொக்லைன் வைத்து மண்ணை வெட்டியதிலிருந்தே அந்தச் சரிவு ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. படிக்கட்டுத் தோட்டத்துக் கல்கட்டு வயிறு தள்ளிக்கொண்டு நிற்கிறது. ஒருநாளும் தண்ணீர் வராத இடத்தில் ஊற்று வருகிறது, அதுவும் செம்மண்ணாக வருகிறது. மேய்ச்சலுக்குப் போகும் மாடுகள் அந்த வெடிப்புக்கு எட்டத்திலேயே நின்றுவிட்டுத் திரும்பி வருகின்றன. மாட்டுக்கு யாரும் மைக்கில் பேசவில்லை, அதனால் திரும்ப முடிகிறது.

உன் அப்பா வெடிப்புக்கு இந்தப் பக்கம் ஒரு குச்சியும் அந்தப் பக்கம் ஒரு குச்சியும் அடித்து, நடுவில் துணி காயப்போடும் கயிற்றைக் கட்டிவிட்டு வந்தார். நிலம் விலகினால் கயிறு விறைக்கும், அவ்வளவுதானே, இதற்கு இன்ஜினியர் படிக்க வேண்டுமா என்ன. தினமும் வெள்ளனே எழுந்து, பால் காய்வதற்குள் போய்ப் பார்த்துவிட்டு வருவார். “எப்பிடி இருக்கு?” என்பேன். “கெடக்கு” என்பார். நேற்றுக் காலையில் கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தார். நடுவில் அறுந்திருந்தது. “மாடு இழுத்திருக்கும்” என்றார். மாடுதான் அந்தப் பக்கமே போவதில்லையே என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அவர் டீயை வாங்கிக் குடிக்காமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம் காற்றே இல்லாத நேரத்தில் உன் மணி ஒருதரம் அடித்தது. குருவி உட்கார்ந்து பறந்திருக்கலாம். நாங்கள் இரண்டு பேரும் மணியைப் பார்த்தோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் சொல்லவில்லை. அந்த மேடு இன்னும் பத்து வருஷம் அப்படியே நிற்கலாம். சனிக்கிழமை நாற்பது பேர் ஏறி இறங்கி, போட்டோ எடுத்து, ஒன்றும் ஆகாமல் போகலாம். அப்போது நீ என்னைப் பார்த்துச் சிரி, நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஆனால் இப்போதே மழை பிடித்துவிட்டது. ஐப்பசி மழை உனக்குத் தெரியாததா? ஓட்டில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. ஊரில் எல்லாருக்கும் வெடிப்பு தெரியும், ஒருவரும் வாய் திறப்பதில்லை. பஞ்சாயத்தில் சொன்னோம், வந்து பார்க்கிறோம் என்றிருக்கிறார்கள். சலீமிடம் சொன்னதற்கு, “அக்கா, நீங்க பாட்டுக்குச் சொல்லிட்டுப் போயிருவீங்க. வெடிப்புன்னு பேரு வந்துச்சுன்னா சனி ஞாயிறு இந்தப் பக்கம் ஒரு வண்டி வராது. நாங்க என்ன பண்ண?” என்றான். அப்புறம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே, “சனிக்கெழம நான் வண்டிய ரோட்டோட நிப்பாட்டிக்கிறேன். மேட்டடிக்குக் கொண்டாரல” என்றான். இதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பயத்தை நான் மட்டும் சுமக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அதில் ஒரு ஆறுதலும் இல்லை.

இதையெல்லாம் உன்னிடம் போனில் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? “அம்மா, தடைய பாக்குறவனுக்கு எல்லாமே வெடிப்பாத்தான் தெரியும்.” அடேயப்பா! இதை மேடையில் சொன்னால் கை தட்டுவார்கள் தம்பி. மண்ணுக்குக் கை தட்டத் தெரியாது. பேசிப் பேசி உனக்கு ஒரு கோளாறு வந்திருக்கிறது, அதை நான் கொஞ்ச நாளாகவே கவனிக்கிறேன். யாராவது வேண்டாம் என்றால் உன் காதில் அது ஒரு சவாலாக விழுகிறது. வலிக்கிறது என்றால் சாக்காக விழுகிறது. பயமாயிருக்கிறது என்றால் கோழைத்தனமாக விழுகிறது. சின்ன வயதில் நீ அப்படி இல்லை. இருட்டில் கொல்லைப்பக்கம் போக பயம் என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டு வருவாய், காட்டுமாடு நின்றால் முதலில் பார்ப்பதும் நீதான், “அம்மா, நில்லு” என்று என்னை இழுத்து நிறுத்துவதும் நீதான். உன் பயம் இரண்டு தடவை என்னைக் காப்பாற்றியிருக்கிறது. அந்தப் பையன் எங்கே போனான் என்று எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

போன வாரம் முழுக்க அடுப்படியில் நின்று யோசித்தேன். மைக்கைக் கையில் கொடுத்தால் என்ன சொல்வது? முயற்சி பண்ணுங்கள் என்று சொல்லலாமா? முயற்சி பண்ணாமலா அவர்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள்? சாதிப்பீர்கள் என்று சொல்லலாமா? எதைச் சாதிக்க? ஒரு மேட்டை ஏறி இறங்குவதையா? எங்கள் காலத்தில் அதைக் கூலி என்றுதான் சொன்னோம். கவனம் என்று சொல்லலாம், அது பஸ்ஸில் எழுதிப்போட்டிருப்பது போல இருக்கும், யார் கேட்பார்கள்? ஜெயித்து வாருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை, வந்து சேருங்கள் என்றுதான் வருகிறது. ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன், சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி. கடைசியில், புதிதாகத் தேட வேண்டியதே இல்லை என்று தோன்றியது. சரியான வார்த்தையை நான் எப்போதோ சொல்லிவிட்டேன். அதைக் கேட்டவன் நீ ஒருவன்தான், நீயும் அதை மாற்றிவிட்டாய்.

ஆகவே சனிக்கிழமை வெள்ளனே நான் வருவேன். நீ அனுப்பிய மஞ்சள் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு வருவேன், பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். உன் கையிலிருந்து மைக்கை வாங்குவேன். அந்தத் தைல மரத்தடியில் ப்ளாஸ்க்கோடு நின்று என்ன கத்தினேனோ அதையே கத்துவேன். நில்லுங்க, போதும், நில்லுங்க. என் மகனிடமும் இதைத்தான் சொன்னேன், அவன் கேட்கவில்லை, அவன் காலைக் காட்டச் சொல்லிப் பாருங்கள் என்பேன். பிறகு உன் மணியை முதல் ஆளாக நானே அடிப்பேன். நான் தோத்துட்டேன் என்று நானே சொல்வேன். வெட்கப்படுகிறவர்கள் என் பின்னால் வரிசையாக வந்து அடித்துவிட்டுப் போகட்டும். உன் அப்பா எல்லாருக்கும் இஞ்சி தட்டிப்போட்டு டீ வைத்திருப்பார். இதனால் உன் பிழைப்பு கெட்டுப்போகும் என்று எனக்குத் தெரியும். கம்பெனிக்காரன் இனி உன்னைக் கூப்பிட மாட்டான். என் மகனை நாற்பது பேர் முன்னால் தலைகுனிய வைக்கப்போகிறேன் என்று நினைக்கும்போதே எனக்கு அழுகை வருகிறது. அழுதுகொண்டேதான் இந்த வரியை எழுதுகிறேன், ஆனாலும் வருவேன்.

நீ மைக்கைக் கொடுக்காமல் இருக்கலாம். நான் சொன்ன பிறகும், “அம்மா தமாஷ் பண்றாங்க” என்று சிரித்துவிட்டு அவர்களை ஏற்றலாம். அப்படி ஏற்றினால் நானும் ஏறுவேன். பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதே, இது எங்கள் பழைய கட்டு. வார்த்தை கொடுத்தவள் கூட நடக்க வேண்டும். அந்த நாற்பது பேர் முதுகிலும் இருப்பது என் வார்த்தை என்று அச்சடித்தவன் நீதான். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நான் எல்லாருக்கும் கடைசியாகத்தான் வருவேன். எல்லாரும் அந்த வெடிப்பைத் தாண்டிப் போன பிறகு, அத்தனை கால்களும் அந்த மண்ணை மிதித்து ஆட்டிவிட்டுப் போன பிறகு, கடைசியாக அதில் காலை வைக்கப்போவது நான். நீ மாலையோடு உச்சியில் நிற்காதே, அவர்களோடு நட. அந்த இடம் வந்ததும், அன்றைக்கு ஓட்டத்தில் நான் கத்தினபோது ஒருதரம் திரும்பிப் பார்த்தாயே, அதே மாதிரி திரும்பிப் பார்.

அம்மா